நிறுத்திவைக்கப்பட்ட கருத்து

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்காக அவர் நடத்திவந்த இணையக் குழு ஒரு காலத்தில் வெறும் சந்தைக்கடை. ஒருவன் சந்தேகம் கேட்டால் போதும், பத்துப் பேர் அவன்மேல் ஏறி மிதிப்பார்கள். அதில் முதல் ஆள் அட்மினான அவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி. தொழிலில் புலி, வாய்தான் சாக்கடை. புதிதாக வேலை கற்றுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவன் பேச்சு பொறுக்காமல் விலகிப்போனதும் அட்மின் ஓர் ஏற்பாடு செய்தார். வசைச்சொல் உள்ள கருத்து தானாகவே நின்றுவிடும். அவர் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும்.

அதன்பிறகு குழுவில் ஒரே மரியாதை. "அருமை சார்", "முயற்சி பண்ணுங்க சார்." மச்சானின் கருத்து வந்து நின்றால் முதல் வார்த்தையிலேயே நீக்கிவிடுவார். முழுக்கப் படிக்க யாருக்குப் பொறுமை?

கடையில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குழுவில் ஒரு படம் வந்தது. கட்டுப் போட்ட கை.

"பைப்ல வெல்டிங் வைக்கலாமான்னு நேத்து கேட்டேன். எல்லாரும் வாழ்த்து சொன்னீங்க. உள்ள இருக்கற கேஸ் பத்திக்கும்னு ஒருத்தர்கூட சொல்லலையே."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நீக்கியவற்றைத் திறந்தார். மச்சான் எழுதியிருந்தான்: "அட மடப்பயலே, அந்த கேஸ் பத்திக்கும். முழுசா வெளியேத்தாம நெருப்ப பக்கத்துல கொண்டுபோகாத."

உடனே அவனுக்குப் போன் போட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் மாமா."

"அந்த ஒரு சொல்லை விட்டுட்டு எழுதினா என்ன கொறஞ்சா போயிடுவ?"

"அவசரத்துல அதான் வந்துச்சு."

யார்மேல் கோபப்படுவதென்றே அவருக்குப் புரியவில்லை. ஏற்பாட்டை எடுத்தால் பழைய சந்தைக்கடை, இன்னும் இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவார்கள். வைத்திருந்தால் இன்னொரு கை வேகும். ஒரு முடிவுக்கும் வர முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் நடந்ததை ஒளிக்காமல் குழுவில் எழுதி மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல சார்", "பெரிய மனசு சார்" என்று வரிசையாக வந்து விழுந்தன. படிக்கப் படிக்கக் கூசியது. கை வெந்தவன் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்று தேடினார். அவன் எழுதியது நின்றுகொண்டிருந்தது. முதல் வார்த்தையே அவருடைய அம்மாவை இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை படித்தார்.

"உன் குழுன்னு நம்பித்தான்டா கேட்டேன்."

அனுமதித்தார். செய்தது சரியா தப்பா என்று அப்போதும் அவருக்கு விளங்கவில்லை.