மூன்று வரிசைத் தையல்

பல் டாக்டர் பாய்மரப் படகு வாங்கியதில் தையல்காரருக்கு எள்ளளவும் பொறாமை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதர்தானே. படகும் அப்படியொன்றும் பெரிதில்லை. இரண்டு பேர் காலை மடக்கி உட்காரலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால் யாராவது தண்ணீரில் இறங்க வேண்டியதுதான். ஆனால் தையல்காரர் இன்று அதில் ஏறியது கடலைப் பார்க்க அல்ல, பாயைப் பார்க்க.

தையல்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாகக் கடை பூட்டிக் கிடந்தது. அந்த இடத்தில் செல்போன் கடை வைக்க வேண்டும் என்று மைத்துனர் ஒற்றைக்காலில் நின்றார். மனைவி இப்படியும் சொல்லவில்லை, அப்படியும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் கிழிந்த பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். தையல்காரர் ஒட்டுத்துணி வைத்து மூன்று வரிசை தையல் ஓட்டிக் கொடுத்தார். கூடவே ரோஷத்தில், இந்தத் தையல் விட்டுப்போனால் கடைச் சாவி மைத்துனருக்கு என்று வீட்டில் வாயை விட்டிருந்தார்.

துறையைத் தாண்டியதும் காற்று பிடித்தது. பாய் புடைத்துக்கொள்ள, படகு ஒருபக்கம் சாய்ந்து சுகமாக ஓடியது. சுக்கானைப் பிடித்திருந்த டாக்டருக்கு வாயெல்லாம் பல். முதுகில் வெயில் இதமாக விழுந்தது. தையல்காரருக்கும் பிடித்துத்தான் இருந்தது. அண்ணாந்த கழுத்துதான் இறங்கவில்லை.

"கடலையும் கொஞ்சம் பாருடா," என்றார் டாக்டர்.

"அது எங்கயும் போயிடாது."

மதியம் காற்று வலுத்தது. சர்ரென்று ஒரு சத்தம். பாயில் ஒரு முழ நீளத்துக்கு வானம் தெரிந்தது. தையல்காரர் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். போச்சு, சாவி போச்சு.

டாக்டர் பாயை இறக்கிப் போட்டதும் இருவரும் முட்டி போட்டுப் பார்த்தார்கள். கிழிந்திருந்தது ஒட்டுக்கு ஒரு சாண் மேலே, நைந்துபோன பழைய துணி. தையல்காரர் தன் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். மூன்று வரிசையிலும் ஒரு இழைகூட அசையவில்லை.

பாய் போனதற்கு முகத்தைத் தொங்கப்போட வேண்டிய டாக்டர், இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். படகில் இருந்த சின்ன மோட்டாரைப் போட்டு ஆமை வேகத்தில் திரும்பினார்கள். தையல்காரர் இப்போதுதான் கடலைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

கரை நெருங்கி போனில் சிக்னல் வந்ததும் வீட்டுக்குப் பேசினார். தையல் நின்றதைச் சொன்னார். திங்கட்கிழமை கடையைத் திறப்பதாகவும் சொன்னார்.

"நாலு மாசமா என் துணி எதையும் வேற யார்கிட்டயும் தைக்கக் குடுக்கல," என்றாள் மனைவி. "எல்லாத்தையும் எடுத்து வெக்கிறேன்."