லைலாக் வால்ட்ஸ்

ஹெர்மினே அருவருப்போடு முகத்தைச் சுளித்தாள். மெழுகுவர்த்திப் புகையோ லில்லிப் பூக்களின் கனத்த வாசமோ அதற்குக் காரணமில்லை. செத்துப்போன ஏகோனின் மனைவி எடித் நீட்டிய இசைத்தாள்தான் காரணம். 'லைலாக் வால்ட்ஸ்' என்ற நடன மெட்டு.

அதெல்லாம் ஒரு சங்கீதமா? பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் கேக் கடைகளிலும் நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருக்கும் பாகு. இன்னும் இருபது நிமிடத்தில், ஹெர்னால்ஸ் கல்லறை மண்டபத்தில், ஏகோனின் சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதை அவள் தன் செல்லோ வாத்தியத்தில் வாசிக்க வேண்டுமாம். வியன்னாவில் இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் கடைசியாக வாசிப்பார்கள். அதில் பொய் சொல்வது பிணத்துக்கு வேறொருவன் சட்டையை மாட்டிவிடுவது மாதிரி.

"எடித், உனக்குப் பிடிச்சதை உன் சாவுக்கு வச்சுக்கோ. இன்னிக்கு அவனோட நாள்."

"அவருக்குப் பிடிச்சதுதான் இது."

"யாருகிட்ட கதை விடுற? முப்பத்தோரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உங்க வீட்டுக் கூடத்துல அவன்கூட வாசிச்சிருக்கேன். ஷூபர்ட் சங்கீதம்னா அவனுக்கு உயிரு."

"ஆமா, எனக்கென்ன தெரியும்? நான் காப்பி போட்டவதானே!"

உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள் ஹெர்மினே. எப்போது கேக் வெட்டுவது என்பதைத் தவிர இசையில் எடித்துக்கு என்ன தெரியும்? ஒருநாள் கீழ்வீட்டு வானொலியில் இதே வால்ட்ஸ் கேட்டது. "இதை ரசிக்கிறவனுக்குக் காது எதுக்கு?" என்றாள் ஹெர்மினே. கூட வாசித்த மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது ஏகோன்தான்.

"நான் வாசிக்க மாட்டேன். பெட்டிக்குள்ள வச்சு அவனை அவமானப்படுத்துற நீ!" செல்லோவை உறைக்குள் தள்ளினாள்.

எடித் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வலப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான எழுத்து. ஏகோனுடையதேதான்.

'லைலாக் வால்ட்ஸ் வேண்டும். ஹெர்மினேதான் வாசிக்க வேண்டும், அவள் கை யாருக்கும் வராது. சலவைக்கடையில் துணி தேய்க்கும்போது அம்மா இதைத்தான் முணுமுணுப்பாள். இதைவிட எனக்குப் பிடித்தது எதுவுமில்லை. நான் இருக்கும்வரை ஹெர்மினேவிடம் சொல்லிவிடாதே. முகத்தைச் சுளிப்பாள். என்னால் தாங்க முடியாது.'

ஹெர்மினே இரண்டு முறை படித்தாள். முதலில் ஆத்திரம்தான் வந்தது. புளுகன்! முப்பத்தோரு வருஷம் கூடவே உட்கார்ந்து நடித்திருக்கிறான். ஆனால் அவன் எதற்காக நடித்தான் என்று யோசித்ததும் அந்த அருவருப்பு முழுக்க அவள்மேலேயே திரும்பியது. அவளைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

"எப்ப எழுதினான்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள். ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் கிளம்பினதும் தனியா இதைத்தான் வாசிப்பாரு. ஜன்னலையெல்லாம் இறுகச் சாத்திக்கிட்டு."

"ஜன்னலை ஏன் சாத்தணும்?"

"நீங்க கீழ டிராமுக்கு நின்னுட்டிருப்பீங்களே. காதுல விழுந்துட்டா?"

ஹெர்மினே இசைத்தாளை வாங்கிக்கொண்டாள். மண்டபத்தில் அதை முழுசாக வாசித்தாள், தாளில் திரும்ப வாசிக்கச் சொல்லியிருந்த இடங்களையும் விடாமல். இப்போதும் அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசிவரை முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொள்வதற்குள் படாத பாடு பட்டுப்போனாள்.