தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்த வாத்து

என் தங்கை சாப்பிடச் சம்மதித்துவிட்டாள் என்று சொன்னதும் அவள் புருஷன் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அழுதுவிட்டார். அழுகிற ஆள் இல்லை அவர். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், பொறி பறந்து கையில் விழுந்தாலும் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். நேரில் மட்டும் நான் தம்பி என்று கூப்பிடுவேன்.

குழந்தை போனதிலிருந்து அவள் தொண்டையில் ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. ஆபரேஷன் செய்த இடம் ஆறாமல் சீழ் வைத்தது. இப்படியே பட்டினி கிடந்தால் உடம்பு தாங்காது, அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எங்களுக்குத்தான் போக வேறு கட்டில் இல்லை.

மாசம் நிறைந்த குழந்தை, வயிற்றிலேயே உயிர் போய்விட்டது. அறுத்து எடுத்தார்கள். தங்கை மயக்கத்தில் கிடக்கும்போதே துணியில் சுற்றி வெல்டர் கையில் கொடுத்தார்கள். தாய் பார்க்காமல் இருப்பதே நல்லது, பார்த்தால் மறக்க முடியாது என்றார் நர்ஸ். எங்கள் அம்மாவும் அதையே சொன்னாள், எனக்கும் சரி என்றுதான் பட்டது. வெல்டர் தனியாளாகக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

பெண் குழந்தை என்பதை மட்டும் அவளிடம் சொன்னோம். எப்படி இருந்தாள் என்று புருஷனைக் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். திரும்பவும் கேட்டாள். அதெல்லாம் இப்போ எதுக்கு, முதல்ல உடம்பைப் பார் என்றார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள், பேச்சுக்கும் சரி, சாப்பாட்டுக்கும் சரி.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கெஞ்சினேன், கொஞ்சினேன், கடைசியில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்காரும் அளவுக்குக் கத்தினேன். என் தொல்லை பொறுக்காமலோ என்னவோ, நம்ம வாத்து முட்டைன்னா ஒண்ணு கொண்டு வரச் சொல்லு என்றாள் தங்கை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வெல்டர் அழுதது.

வாத்துகள் அவள் ராஜ்ஜியம். பட்டறைக்குப் பின்னால், பழைய இரும்பு கிடக்கும் இடத்தில் ஏழெட்டு வளர்த்தாள். எது எங்கே முட்டையிடும், எதற்கு உடம்பு சரியில்லை, ஆண் வாத்து எதன் பின்னால் சுற்றுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெல்டருக்கு வாத்து என்றால் காலில் இடறும் ஒன்று, அவ்வளவுதான். ரத்த அழுத்தம் என்று அவளைக் கடைசி மாதம் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்திருந்தார்கள். அத்தனை நாளும் அவர்தான் பெயருக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வந்தார். துண்டில் சுற்றிய எவர்சில்வர் டப்பாவில் அவித்த முட்டைகள், காகிதத்தில் மடித்த உப்பும் மிளகுத்தூளும். தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார், பாவம். நான் தங்கையைத் தூக்கி உட்கார வைத்தேன். அவள் ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சூடு ஆறியிருக்கவில்லை.

அவள் கையில் முட்டையைப் பார்த்த சந்தோஷத்தில் வெல்டருக்குப் பேச்சு வந்துவிட்டது. வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசுகிற மனுஷர், மூச்சுவிடாமல் பேசினார். வாத்துகள் இப்போது சரியாக முட்டை வைப்பதில்லையாம். தேடிப் பார்த்தால், சாய்த்து வைத்த தகரத்துக்குப் பின்னால் அந்தப் புள்ளி போட்ட வாத்து உட்கார்ந்திருக்கிறதாம், அடியில் ஒரு குவியல் முட்டையாம். கிட்டே போனால் பாம்பு மாதிரி சீறுகிறதாம். கையைக் கொத்திக் கிழித்துவிட்டதாம். நெருப்போடு புழங்குகிறவர் ஒரு வாத்துக்குப் பயந்து, வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு அத்தனையையும் எடுத்தாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வாத்துக்கு ஏதோ சீக்கு என்றும் சொன்னார். நெஞ்சில் இறகெல்லாம் கொட்டிப்போய்விட்டதாம். மருந்துக்கடையில் கேட்டுத் தண்ணீரில் மருந்து கலந்து வைத்திருக்கிறாராம்.

தங்கை தலையைத் தூக்கினாள். குழந்தை போனதற்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"கொட்டிப்போன இறகு எங்க கிடந்துச்சு?"

"முட்டையைச் சுத்தித்தான். மெத்தை போட்ட மாதிரி."

"மத்ததுங்களோட மேயப் போகுதா?"

"எங்க போகுது? சாயங்காலம் ஒரே ஒரு தடவை வெளிய வரும். அவசர அவசரமா நாலு வாய் தின்னுட்டு, உடம்பை நனைச்சுட்டு ஓடிரும்."

"வெளிய வந்ததும் நிறையக் கழியுதா? நாத்தமா?"

"ஆமா, தாங்க முடியாத நாத்தம். அதான் வயித்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரத்துக்கு மேலயே இருக்கும்."

நான் வாத்து வளர்த்தவள் இல்லை. ஆனாலும் அவள் கேட்கக் கேட்க எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. இந்த மனுஷர் மட்டும் பள்ளிக்கூடத்தில் சரியான பதில் சொல்லும் பிள்ளை மாதிரி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனார். வாயை மூடுய்யா என்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

"அதுக்குச் சீக்கு எதுவும் இல்லைங்க," என்றாள் தங்கை. "அடை உட்கார்ந்திருக்கு."

வெல்டருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவர் பார்வை டப்பாவுக்குப் போய், அங்கிருந்து அவள் கைக்கு வந்து நின்றது. கையுறை போட்டிருந்தேன், முட்டையோட சூடுகூடத் தெரியல என்று முணுமுணுத்தார். நீ ஒரு வாய் சாப்பிட்டா போதும்னு இருந்துச்சு என்றார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"எல்லாத்தையும்."

"இப்ப அது எங்க இருக்கு?"

"அங்கயேதான். வெறும் இறகு மேல உட்கார்ந்திருக்கு. எழுந்திரிக்க மாட்டேங்குது."

நான் டப்பாவை மூடி எடுத்தேன். அவள் கையில் இருந்ததையும் வாங்கப் போனேன். தூக்கி எறிந்துவிட்டு ரொட்டியும் பாலும் வாங்கி வரலாம், வேறு பேச்சு பேசலாம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் வைத்தியம். அவள் விரல்கள் முட்டையை விடவில்லை.

"விடுக்கா. இதையும் நான் பார்க்கக் கூடாதா?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். வெல்டர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் முட்டையைக் கட்டில் கம்பியில் தட்டி, ஓட்டை நகத்தால் பொறுமையாக நீக்கினாள். உள்ளே வெள்ளைக்கரு இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான ரோமம் ஒட்டிக் கிடந்தது. மூடிய கண்ணும் சின்ன அலகும் நன்றாகவே தெரிந்தன. பாதத்தில் விரல்கள்கூட வந்துவிட்டிருந்தன. வேகவைத்த நாற்றம் குப்பென்று அடித்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

அவள் திரும்பவில்லை. மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்கை எடுத்துப் போட்டாள். கத்துவாள், அடிப்பாள், மயக்கம் போட்டு விழுவாள் என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அவள் துண்டின் நுனியால் அதை மூடிவிட்டு, புருஷனைப் பார்த்துச் சாதாரணமான குரலில் கேட்டாள்.

"நம்ம பொண்ணு எப்படி இருந்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சோறு தண்ணி இல்லாத உடம்பு, அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வெல்டர் சுவரைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். தீக்காயத் தழும்பு விழுந்த கைகளைச் சேர்த்து, ஒரு குழந்தையின் நீளத்துக்கு ஏந்திக் காட்டினார்.

"இவ்வளவு இருந்தா. முடி நிறைய, நெத்தி வரைக்கும் ஒட்டியிருந்துச்சு. உன் மூக்கு."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. கையும் மூடித்தான் இருந்துச்சு. என் விரலை உள்ள விட்டுப் பார்த்தேன்."

தங்கை விடாமல் கேட்டாள்.

"பார்த்தா?"

"எப்படியும் பிடிச்சுக்குவான்னு ரொம்ப நேரம் வச்சிருந்தேன். பிடிச்சுக்கவே இல்ல."