பன்றியைத் தொட்ட கை

லஸ்ஹரின் பிக்கப்பில் அன்றிரவு ஐந்து பேர் இருந்தோம். ஓட்டியது லஸ்ஹர். பக்கத்தில் ஹெத்திலியும் அவன் அண்ணன் திஜானியும். பின்னால், தார்ப்பாய் கட்டிய தட்டில், ஆட்டுத்தோல்மேல் படுத்திருந்தவள் ஹெத்திலியின் மனைவி ஹனிய்யா. அவள் கால்மாட்டில் நான், மொஞ்சியா. எங்கள் மலைக் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். பதினாறு வருடத்தில் அந்த ஊரில் என் கை படாத பிள்ளை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஹனிய்யாவுக்குத் தங்கிய கரு. குழந்தை குறுக்கே கிடந்தது. பனிக்குடம் உடைந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்துவிட்டது. வயிற்றை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர், எல்லாம் தக்கை மரக்காட்டு வழியே வளைந்து இறங்கும் பாதை.

"ஒரு மணி நேரத்துக்குள்ள போயிட்டா புள்ளை பொழைச்சுக்கும். எங்கயும் நிக்காத லஸ்ஹர்," என்று நான்தான் சொன்னேன்.

ராத்திரியில் ஒரு காட்டுப்பன்றி சாலையைக் கடந்தால் வண்டியை நிறுத்தவேண்டும், பின்னாலேயே கூட்டம் வரும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முதல் பன்றி கடந்தது. லஸ்ஹர் நிற்கவில்லை. இரண்டாவது பன்றி வண்டியில் மோதிய சத்தத்தில் என் தலை தகரத்தில் இடித்தது.

அவன் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தான். ஒரு விளக்கு உடைந்து, ஒன்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தாய்ப்பன்றி ஒன்று சாலையின் குறுக்கே செத்துக் கிடந்தது. அறுபது கிலோ இருக்கும். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் போன மழையில் பாதி சாலை சரிந்து பள்ளத்தில் போயிருந்தது. வரி போட்ட குட்டிகள் ஆறேழு அதைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

"அதுமேலயே ஏத்திப் போ!" என்று கத்தினேன்.

"ஏத்துனா வண்டி பள்ளத்துல கவுந்துரும்மா."

"அப்ப இறங்கி இழுத்துப் போடுங்கடா. மூணு ஆம்பளைங்க இருக்கீங்க!"

மூன்று பேரும் இறங்கினார்கள். இறங்கி, மூன்றடி தள்ளி நின்றார்கள்.

"ஹராம்ல," என்றான் திஜானி. "இதத் தொட்ட கையோட எப்பிடித் தொழுவுறது?"

"தின்னுறதுதான் ஹராம். கழுவிக்கிட்டுத் தொழு."

"எங்க வீட்ல யாரும் இதத் தொட்டதில்ல நர்ஸம்மா."

"கயிறு இருக்குல்ல லஸ்ஹர்? காலுல கட்டி வண்டியால இழு."

"அது மாவு மூட்டை கட்டுற கயிறும்மா. அப்புறம் ஊருல எவன் என்கிட்ட மூட்டை குடுப்பான்?"

"குளிர்காலத்துல வெளிநாட்டுக்காரன் வேட்டைக்கு வர்றப்ப இதே வண்டியிலதான பன்னி போகுது?"

"அவங்களே ஏத்துவாங்க, அவங்களே இறக்குவாங்க. நான் ஸ்டியரிங்கைத்தான் தொடுறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் அறைந்திருப்பேன். ஆனால் குழந்தையின் கையை ஈரத்துணியில் சுற்றி நான் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது. ஹெத்திலி வந்து எட்டிப் பார்த்தான்.

"கையுறை குடுங்க, நான் இழுக்கிறேன்."

"ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அதை உன் பெண்டாட்டிக்கும் புள்ளைக்கும் வெச்சிருக்கேன். பன்னிக்குப் போட்டுட்டு அதே கையுறையோட உன் புள்ளையத் தொடட்டுமா?"

அவன் திரும்பிப் போனான். நீளமான கொம்பு வெட்டி நெம்பித் தள்ளுகிறோம் என்று மூன்று பேரும் செல்போன் விளக்கோடு காட்டுக்குள் ஏறினார்கள். நான் நம்பினேன். இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். இதோ வந்துவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தார்கள். முதல் கொம்பு ஒடிந்தது. மறுபடி போனார்கள். இரண்டாவது கொம்பு வளைந்தது. பன்றி ஒரு முழம் நகர்ந்தது. மூன்று பேரும் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா," என்றாள் ஹனிய்யா. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "என்னை இறக்கிவிடு. நான் இழுக்கிறேன்."

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. துணியை அவள் கையில் கொடுத்து, "அசையாம பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குதித்தேன். பின்னங்கால் இரண்டையும் வெறுங்கையால் பிடித்தேன். முடி ஊசியாகக் குத்தியது. பிஸ்மில்லாஹ் சொன்னேனா, அந்த மூன்று பேரின் பரம்பரையைத் திட்டினேனா, நினைவில்லை. இரண்டும் சொல்லியிருப்பேன். இழுத்து இழுத்துப் பாறையோரம் ஒதுக்கினேன். குட்டிகள் என் காலைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தன.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் நின்று இருபத்தைந்து நிமிடம்.

கேனில் இருந்த தண்ணீரில் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். கையுறையை மாட்டிக்கொண்டு தட்டில் ஏறப் போனேன். ஹெத்திலி குறுக்கே வந்து நின்றான்.

"பன்னியைத் தொட்ட கையோட அவளைத் தொடாதீங்க."

உள்ளேயிருந்து ஹனிய்யா கத்தினாள். "அப்ப நீ வா! உன் கை சுத்தமாத்தான இருக்கு? நீ வந்து புள்ளையப் பிடி!"

அவன் அசையவில்லை. தோளால் அவனை இடித்துத் தள்ளிவிட்டு ஏறினேன். துணிக்குள் குழந்தையின் கை குளிர ஆரம்பித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை ஆண். டாக்டர் வெளியே வந்து, "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா புள்ளையையும் காப்பாத்தியிருக்கலாம்," என்றார். மூன்று ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்தான்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. காப்பிக் கடையில் உட்கார்ந்து லஸ்ஹரே சொன்னானாம்: பன்றியைத் தொட்ட கையோடு நர்ஸ் தொட்டாள், பிள்ளை செத்துப்போயிற்று. நின்ற இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திஜானி அதற்குச் சத்தியம் வேறு செய்தானாம். தடுப்பூசி போட வந்துகொண்டிருந்த பெண்கள், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். என் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த முகங்களில் பாதி, நான் பிரசவம் பார்த்த முகங்கள்.

தக்கைப்பட்டை உரிக்கும் காலம் வந்தது. ஒரு மத்தியானம் லஸ்ஹரின் பிக்கப் வாசலில் வந்து நின்றது. லஸ்ஹரும் திஜானியும் ஹெத்திலியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பட்டை உரிக்கும் கோடாலி நழுவி அவன் இடது மணிக்கட்டில் இறங்கியிருந்தது. தலைத்துணியைச் சுற்றியிருந்தான். அதிலிருந்து ரத்தம் சொட்டியது.

"நர்ஸம்மா, சீக்கிரம் தைச்சு விடுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. என் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தேன்.

"இந்தக் கையாலயா?"

ஹெத்திலி லஸ்ஹரைப் பார்த்தான். லஸ்ஹர் தரையைப் பார்த்தான்.

"ஆபத்துக்குப் பாவமில்ல நர்ஸம்மா," என்றான் திஜானி.

"அப்பிடியா? அன்னைக்கு ராத்திரி இது உனக்கு மறந்து போச்சா?" சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "ரெண்டு மணி பத்து. ரெண்டு முப்பத்தஞ்சு ஆகட்டும், எந்திரிக்கிறேன்."

"அதுக்குள்ள செத்துருவான்மா!"

"ஆமா. இருபத்தஞ்சு நிமிஷத்துல சாகலாம். எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்கு இப்பத்தான தெரியுது."

ரத்தம் என் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், அப்படியே இருக்க ஆசைப்பட்டேன். முள் இரண்டு பதினொன்றுக்குப் போயிற்று. எழுந்தேன். கழுவினேன், கையுறை போட்டேன். இப்போது இரண்டு பெட்டி இருந்தது, போட்டு வைத்தியம் பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. ஒன்பது தையல்.

கட்டுப் போட்டதும் ஹெத்திலி, எங்கள் ஊர் வழக்கப்படி, "உங்க கை நல்லா இருக்கட்டும்," என்றான்.

"எனக்கு வேண்டாம். இந்தக் கைதான் உன்னைத் தைச்சுதுன்னு காப்பிக் கடையில போய்ச் சொல்லு. அப்புறம் வீட்டுக்குப் போய் ஹனிய்யாகிட்டச் சொல்லு."

அவன் முகம் வெளுத்துப் போயிற்று. மூன்று பேரும் வெளியே போனார்கள். வழக்கம்போல, "அடுத்தது யாரு?" என்று குரல் கொடுத்தேன். வெளி பெஞ்சில் யாரும் இல்லை.