காதுக்குள் வந்த வசனம்

என் தம்பிக்குக் காதல் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதற்கொரு வாத்தியாரை வைத்துக்கொண்டானே, அதில்தான் வயிறு எரிந்தது. பெண்களை மடக்கப் பயிற்சி தரும் அந்த ஆள், காப்பிக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலரில் செருகிய மைக்கில் கிசுகிசுப்பார். எங்களுக்கு முதுகு காட்டி அடுத்த மேசையில் இருந்த தம்பியின் காதுக்குள் அது கேட்கும். அவன் அப்படியே ஒப்பிக்க வேண்டும்.

அவனுக்கு எதிரே அந்தப் பெண். அவன் மாடியில் போஸ்டர் வடிவமைக்கும் அச்சகத்தில், கீழே இயந்திரக் கூடத்தில் அவளுக்கு வேலை. அவளைக் கண்டாலே இவனுக்கு வாயடைத்துப் போகும். இன்றும் சொதப்பினால் வேலையையே விட்டுவிடுவேன் என்றிருந்தான்.

"முதல்ல லேசா மட்டம் தட்டணும்" என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டு வாத்தியார் மைக்கில் சொன்னார்: "உங்க கம்மல் உங்களுக்குப் பொருந்தல."

தம்பி வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "பொருந்தலைன்னா போகட்டும். எனக்குப் புடிச்சிருக்கு."

வாத்தியார் அடுத்ததை எடுத்துவிட்டார்: "கோபத்துலயும் அழகா இருக்கீங்க."

"கோபமே இன்னும் வரலையே" என்றாள், தம்பியின் தோளுக்கு மேலாக வாத்தியாரையே பார்த்து.

வாத்தியார் காலர் மைக்கைக் கையால் மூடினார்.

"மெஷின் ஓடுச்சுன்னா எங்க கூடத்துல இடி விழுந்தாலும் கேக்காது சார். உதட்டைப் பாத்துதான் பேசிக்குவோம்" என்றாள். மாடியில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும் தம்பிக்கு அது தெரியாது. அவள் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று நாங்கள் உட்கார்ந்த இடத்தைப் பிடித்ததே வாத்தியார்தான்.

அவள் பையோடு எழுந்து தம்பியைப் பார்த்தாள். "நான் உங்களோட பேசத்தான் வந்தேன். இவரோட இல்ல."

தம்பி காதிலிருந்ததைப் பிடுங்கி மேசைமேல் போட்டான். பேச முயன்றான். பயத்தில் குரலே எழும்பவில்லை. தாடை மட்டும் அசைவது பின்னாலிருந்து தெரிந்தது. போச்சு, தொலைந்தான் என்று நினைத்தேன்.

அவள் அவன் உதடுகளையே பார்த்தாள். பார்த்தபடியே மெல்ல உட்கார்ந்தாள். என் தம்பி வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை, அவள் ஒரு சொல்லையும் விடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படியும் ஒன்று உலகத்தில் நடக்குமா!

அவன் முடித்ததும் அவளும் சத்தமில்லாமல் பதில் சொன்னாள்.

வாத்தியார் என் முழங்கையை இடித்தார். "என்ன சொன்னாங்க?"

"சும்மா இருங்க சார்."

தம்பிக்கும் புரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். இப்போது குரல் வந்திருந்தது.

அவள் நாற்காலியைத் தூக்கி, எங்களுக்கு முதுகு காட்டி அவன் அருகில் போட்டுக்கொண்டு, மறுபடி சொன்னாள்.