சொன்ன பேச்சு கேட்காத மவுஸ்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த உள்ளொளியிலும் பிறக்கவில்லை. மனித வாழ்வின் வெறுமை பற்றிக் கனமாக ஒரு கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியைத் திருத்தப் போனபோது என் மவுஸ் ஒரு துள்ளு துள்ளி அந்த வரியையே அழித்துவிட்டது. (அருமையான வரி. இப்போது ஞாபகம் இல்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.) எப்படிச் சரிசெய்வது என்று இணையத்தில் தேடினால், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று ஊர் உலகமே ஒரே குரலில் சொன்னது. அணைத்துப் போட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல இன்னும் உற்சாகமாகத் துள்ளியது. வாழ்வின் வெறுமை அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும், மவுஸையே எழுதுவோம் என்று முடிவு செய்தேன்.

2

"கீழ்வானம் மெல்லச் சிவந்துகொண்டிருந்த அந்த—"

வேண்டாம். மவுஸ் கதையில் வானத்துக்கு வேலை இல்லை.

"அம்புக்குறி என்பது என்ன? அது நவீன மனிதனின் அலைபாயும்—"

இதுவும் வேண்டாம். இப்படி எழுதுகிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களோடு போட்டி போட எனக்குத் தெம்பில்லை.

"மாமனார் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து ஒரு மருமகள் வீடு வரைந்துகொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும். இதில் குறைந்தபட்சம் ஆட்கள் இருக்கிறார்கள்.

3

வரைந்துகொண்டிருந்தாள் என்றால் பொழுதுபோக்குக்கு அல்ல. அவள் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுப்பவள். சுவர் எங்கே, கதவு எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் லேப்டாப்பில் நூல் பிசகாமல் போட வேண்டும். சில மாதமாக நூல் பிசகிக்கொண்டே இருந்தது. அவள் சுவரைப் பிடித்து இழுத்தால் அம்புக்குறி தன்பாட்டுக்கு ஓடிப்போய்ப் படிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். மாடிக்குப் போகும் படி ஒருமுறை வரவேற்பறையில் ஆரம்பித்து வரவேற்பறையிலேயே முடிந்தது.

"மேடம், கழிப்பறைக் கதவு சமையலறைக்குள்ள திறக்குது" என்றார் மேலாளர், தொலைபேசியில்.

"மவுஸ் சரியில்லை சார்."

"மவுஸ் எங்ககிட்ட சம்பளம் வாங்கலையே மேடம்."

இந்த மேலாளர் இனிக் கதையில் வரமாட்டார். இப்படிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பத்தியே அதிகம்.

4

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. பேட்டரியை மாற்றினாள். அடியில் சிவப்பாக எரியும் கண்ணைப் பஞ்சால் துடைத்தாள். மேசை வழுக்குகிறதோ என்று பழைய காலண்டர் அட்டையை வைத்துப் பார்த்தாள். மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். உதவி மையத்துக்குப் போன் செய்தாள். அணைத்துப் போட்டீர்களா என்று கேட்டார்கள்.

கடைசியில், வேறு வழியில்லாமல், புருஷனிடம் சொன்னாள். அவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். தன் வேலையைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் நிபுணன்.

"நீ ரொம்ப அழுத்திப் பிடிக்கற" என்றான்.

[இங்கே புருஷனை ஒரு மண்டூகமாக வரைவதுதான் என் திட்டம். அதில் ஒரு சிக்கல். அவன் அப்பாவை உயிராக நினைப்பவன். அப்படிப்பட்டவனை முழுசாகக் கிண்டல் செய்ய எனக்குக் கை வரவில்லை. பாதி கிண்டல் செய்கிறேன்.]

5

மாமனாரைப் பற்றி இப்போதாவது சொல்ல வேண்டும். பெரிய கிடங்கு ஒன்றை நிர்வகித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு 'கிடங்கு ஆலோசகர்' ஆகிவிட்டார். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். உள்ளே இருந்து மவுஸ் சத்தம் டிக், டிக் என்று கேட்கும். நடுநடுவே போனில், "அதெல்லாம் பாத்துக்கலாம், சரக்கு எங்கயும் ஓடிப்போகாது" என்பார். வீட்டில் யாரும் அவரைப் பால் வாங்கிவரச் சொல்வதில்லை. வேலையாக இருக்கிறார் அல்லவா?

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது மகன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "அப்பா, எனக்கு அந்த ஆபீஸ் வெறுத்துப்போச்சு. ராஜினாமா எழுதி போன்ல வச்சிருக்கேன். திங்கட்கிழமை அனுப்பிட்டு உங்ககூடவே சேந்துடறேன்."

"அவசரப்படாதேப்பா" என்றார் மாமனார்.

"உங்களுக்கும் வயசாகுது. ஒத்தை ஆளா எத்தனை கிளையண்டைத்தான் பாப்பீங்க?"

மாமனார் தண்ணீர் குடித்தார். மறுநாளிலிருந்து அடுத்த அறையில் மவுஸ் சத்தம் இரண்டு மடங்கானது. மருமகளின் அம்புக்குறிக்கும் பைத்தியம் முற்றியது.

(உங்களுக்குப் புரிந்துவிட்டது, தெரியும். அவளுக்கும் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுத்திருந்தால் புரிந்திருக்கும். அவளோ அதற்குள் இருந்தாள்.)

6

அதே வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆத்திரத்தில் மவுஸைத் திருப்பிப் பேட்டரியைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

பேய்க்கதையாக்க இது நல்ல இடம். செய்யமாட்டேன். பேய்க்கு இவ்வளவு வேலையற்ற நேரம் இருக்காது. அம்பு திரையில் ஒரு வட்டம் போட்டது, நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் 'டிக்' என்றது. இந்தப் பக்கம் வரைபடத்தில் படுக்கையறை ஜன்னல் ஒன்று தேர்வானது. மாமனார் இருமினார், அம்பு நின்றது. இருமல் அடங்கியது, அம்பு கிளம்பியது.

"மாமா, டீ போடட்டுமா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"இரும்மா, முக்கியமான வேலையா இருக்கேன்!"

அம்பு திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது.

இதற்கு மாயமெல்லாம் தேவையில்லை. சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷன் தன் நிபுணத்துவத்தைக் காட்டினான். அப்பாவின் வயரில்லாத மவுஸுக்கு உரிய ரிசீவர், லேப்டாப்பில் செருகும் அந்த நகம் அளவுத் துண்டு, அவர் ஓய்வு பெற்றபோது அலுவலக லேப்டாப்போடே திரும்பிப் போய்விட்டிருந்தது. மவுஸ் ஓடுகிறதா என்று பார்க்க, அவளுடைய லேப்டாப்பில் செருகியிருந்த ரிசீவரோடு அதையும் இணைத்துப் பார்த்தான். ஓடியது. "சூப்பரா ஓடுதுப்பா" என்று மவுஸை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தான். இணைப்பை எடுத்துவிடவில்லை. அப்பாவுக்கு வேறு ரிசீவரும் வாங்கித் தரவில்லை.

அவளை உறுத்தியது இது அல்ல. அவளுடைய திரையை ஓட்டும் மவுஸ் மாமனாரின் திரையை ஓட்டியிருக்க முடியாது. இத்தனை மாதமாக, மவுஸ் வேலை செய்யவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

7

[சந்தேகம்: மாமனாரை ஏமாற்றுக்காரராக எழுதலாமா? "அந்தக் கிழவன் திட்டமிட்டே மகனை—" என்று ஆரம்பித்தேன். பேனா நகரவில்லை. மவுஸும்தான். பாவப்பட்ட மனிதராக எழுதலாமா? நீங்கள் உடனே மூக்கை உறிஞ்சுவீர்கள், எனக்கு அது பிடிக்காது. அவரை அவராகவே விடுகிறேன்.]

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

அ. அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். கதவுகள் ஒழுங்காகத் திறக்கின்றன. திங்கட்கிழமை புருஷன் ராஜினாமா செய்கிறான். செவ்வாய்க்கிழமை முதல் அடுத்த அறையில் இரண்டு மவுஸ் சத்தம்.

ஆ. புருஷனிடம் சொல்கிறாள். "எங்க அப்பாவையா சொல்ற?" என்று அவன் ஆரம்பிப்பான். மாமனார் மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. கடைசியில் அவன் நம்புவான். அதன்பிறகு அந்த மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தக் கூடத்தைக் கடப்பது எப்படி?

இ. இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் அவள் எழுந்துவிட்டாள். லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டாள். நான் சொல்லித்தான் செய்கிறாள் என்று நினைக்காதீர்கள்.

8

கதவைத் தட்டாமல் மாமனார் அறைக்குள் போனாள். மாமனார் போனைக் காதில் வைத்திருந்தார். "நாளைக்கு அனுப்பிடறேன், சரி, சரி" என்று வைத்தார். அவருக்கு முன்னால் திறந்திருந்த பழைய லேப்டாப்பின் திரை கறுப்பாக இருந்தது. அதை மெல்ல நகர்த்திவிட்டுத் தன்னுடையதை அவள் அந்த இடத்தில் வைத்தாள்.

"மாமா, மவுஸைக் கொஞ்சம் நகத்துங்க."

"எதுக்கும்மா?"

"நகத்துங்களேன்."

நகர்த்தினார். அம்பு நகர்ந்தது. இடது பக்கம் இழுத்தார், வலது பக்கம் இழுத்தார். அது அவர் சொன்னபடியெல்லாம் கேட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நீ புலம்பின அந்தக் கழிப்பறைக் கதவு..."

"நீங்கதான் மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தப்பு செய்தவர் அவர்தான் என்றாலும் வெட்கம் அவளைத்தான் பிடுங்கித் தின்றது.

"மொத வேலை நிஜமாவே வந்துச்சும்மா" என்றார். "பழைய ஆள் ஒருத்தர் குடுத்தார். அது முடிஞ்சப்புறம் யாரும் கூப்பிடல. இவன் தினமும் வந்து, எப்படிப்பா போகுதுன்னு கேப்பான். போகுதுன்னேன். அதுக்கப்புறம் இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"திங்கட்கிழமை அனுப்பிடுவார் மாமா."

"தெரியும்."

"இந்த வீட்டுக்கு என் சம்பளம் மட்டும் போதாது மாமா. அதுவே இப்ப ஆட்டம் கண்டிருக்கு."

"அதுவும் தெரியும்மா."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

9

புருஷன் சீக்கிரம் வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது. "அப்பா! திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னிக்கு ஆபீஸ்ல எங்க மேனேஜரோட பெரிய சண்டை. இப்பவே அனுப்பிடறேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

அறை வாசலுக்கு வந்து நின்றான். கையில் போன், கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே. அப்பாவும் பெண்டாட்டியும் ஒரே திரைக்கு முன்னால் இருப்பதைப் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் இந்தக் கதையில் எங்கும் எழுதவில்லை.

"அட! இவளையும் வேலைக்குச் சேத்துட்டீங்களா?"

மாமனார் வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்கு நான் எழுதிப் பார்த்தவை இவை:

"உக்காருப்பா, உங்கிட்ட ஒண்ணு—"

"சரி, அனுப்—"

"உன் மேல இருக்கற பிரியத்துலதான் நான்—"

முதலாவதைக் கேட்டால் அந்த முகம் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. இரண்டாவதைச் சொன்னால் அவரை நான் மன்னிக்கமாட்டேன். மூன்றாவது உண்மையே என்றாலும் சினிமா வசனம். மருமகள் பேசட்டும் என்றால், அவள் மாமனாரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு நேரம் எழுதுகிறவனைப் பார்த்து, இப்படி எழுதியிருக்கலாம், அப்படி எழுதியிருக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தீர்கள் அல்லவா? வாருங்கள். அவர் வாய் திறந்தே இருக்கிறது, அதில் ஒரு வாக்கியத்தை வையுங்கள். மகன் சிரித்த முகத்தோடு நிற்கிறான், பதிலுக்காக. கொஞ்சம் சீக்கிரம். கட்டைவிரலை அவன் எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடித்திருப்பான்?