குஷியான ஆள்

பக்கத்துத் தெரு ஹாஜறாவுக்கு மாப்பிள்ளை பேசியது எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் மஜீட் சேரை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். துருவி விசாரிப்பவர்களும் பெண் வீட்டார்தான். நான் அவரோடு படிப்பிக்கிறேன் என்பதால், ஹாஜறாவின் உம்மா சுஹறா மாமி ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஆள் எப்படி மகள்?"

மஜீட் சேர் பாலமுனையிலிருந்து நிந்தவூருக்குச் சைக்கிளில் வருவார். மழையில் நனைந்து வந்தாலும் ஆசிரியர் அறையைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் தலையைத் துவட்டுவார். வாப்பா மௌத்தான பிறகு இரண்டு தங்கைகளுக்கும் வீடு கட்டிக் கலியாணம் முடித்து வைத்தவர். கணக்கு வராத பிள்ளைகளைப் பின்னேரங்களில் இருத்திக் காசு வாங்காமல் படிப்பிப்பவர். எல்லாம் எனக்குத் தெரியும்.

"எப்பவும் குஷியா இரிப்பார் மாமி" என்றேன்.

குஷி என்ற சொல்லை எங்கள் ஊரில் பெருநாளுக்குச் சொல்வார்கள். சிறுபிள்ளைகளுக்குச் சொல்வார்கள். குடும்பம் நடத்தப் போகிறவருக்குச் சொல்வதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மாமி வேறென்ன என்று கேட்டார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கூச்சக்காரி என்பது ஊருக்கே தெரியும். அன்று என் வாயை அடைத்தது கூச்சமல்ல. அந்தக் கலியாணப் பேச்சைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகம் கதைக்காத பிள்ளை சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று மாமி தன் வீட்டில் சொல்லியிருக்கிறார். கலியாணப் பேச்சு நின்றது.

இரண்டு கிழமை கழித்து மஜீட் சேர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அவங்க உங்கட வீட்டுப் பக்கந்தானே. என்னில என்ன குறை கண்டாங்கெண்டு கேட்டுச் சொல்ல ஏலுமா? திருத்தலாமெண்டாத் திருத்திக்கிடலாம்."

அன்று பின்னேரமே மாமி வீட்டுக்குப் போனேன். வீடு கட்டிய கதை, பின்னேர வகுப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றுதான்.

மாமி கடைசிவரை கேட்டார்.

"இத அண்டைக்குச் சொல்லியிரிக்கலாமே மகள். நேத்துத்தான் வேற இடத்துக்கு வாக்குக் குடுத்தம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கும் மஜீட் சேரிட இடந்தான் விருப்பம்."

உள்ளே ஹாஜறாவின் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் மஜீட் சேரிடம், மாமிக்கு நான் சொன்ன அந்தச் சொல்லைச் சொன்னேன். சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"பொய்யொண்டும் சொல்லல்லயே டீச்சர்" என்றார். சிரிக்க முயன்றார். வரவில்லை. மணி அடித்தது. வரவு இடாப்பை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனார்.